கண்ணுல வந்த ஹெர்ப்பிஸ் மூளைக்குப் போயிருமா?

கேள்வி:

வணக்கம் டாக்டர் மேடம். நான் கரூர். வயசு 29, இப்ப 8 மாசம். வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டுற பட்டறையில வெல்டர். ரெண்டு வருஷத்துல மூணு தடவ அவருக்கு வலது கண்ணு மட்டும் செவந்து, வெளிச்சம் பட்டா கூசி, தண்ணியா கொட்டுது. முதல் ரெண்டு தடவயும் வெல்டிங் அடிச்சிருச்சுன்னு நினைச்சு மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கிட்டாரு. இந்த தடவ கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம், சீட்டுல ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் கெரட்டைட்டிஸ்னு எழுதியிருக்காங்க. எங்க பெரியப்பா பையனுக்கு போன வருஷம் மூளைக்காய்ச்சல் வந்து மூணு வாரம் ஆஸ்பத்திரில கிடந்தாரு, உயிர் பொழச்சிருச்சு, ஆனா ஞாபக மறதி ரொம்ப. அவர் டிஸ்சார்ஜ் சீட்டுல ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்செஃபலைட்டிஸ்னு இருக்கு. ரெண்டு சீட்டுலயும் ஒரே பேரப் பார்த்ததுல இருந்து தூக்கமே இல்ல. கண்ணுல இருக்கிறது மூளைக்கு ஏறிருமா? பொறக்கப் போற குழந்தைக்கு வருமா? போன மாசம் 5 வயசு பையனுக்கு மெட்ராஸ் ஐ வந்துச்சு, அது அப்பாகிட்ட இருந்து வந்ததா? மாமியார் இது அக்கி, எழுதணும்னு சொல்றாங்க. இது தப்பான நோயான்னும் ஒரு சந்தேகம், யார்கிட்டயும் கேக்க முடியல.

பதில்:

முதல்ல கடைசி கேள்விக்கு பதில் சொல்லிடறேன்மா, ஏன்னா அதுதான் உங்களை உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருக்குன்னு தோணுது. இது தப்பான நோய் கிடையாது. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ்ல ரெண்டு வகை இருக்கு, பெரியவங்களுக்கு கண்ணுல வர்றது பெரும்பாலும் முதல் வகை, அது பெரும்பாலும் சின்ன வயசுலயே எச்சில் மூலமா வந்து ஒட்டிக்கிறது, பாட்டி கொடுத்த முத்தம், ஒரே டம்ளர்ல குடிச்ச தண்ணி இப்படி. உலகத்துல 50 வயசுக்கு உள்ள இருக்கிறவங்கள்ல 100க்கு 60 பேருக்கு மேல இந்த வைரஸ் உடம்புல இருக்குன்னு உலக சுகாதார நிறுவனமே கணக்கு சொல்லுது. காய்ச்சல் அடிச்சா உதட்டு ஓரத்துல கொத்தா சூட்டுக் கொப்புளம் வருமே, அதுவும் இதே வைரஸ்தான். உங்க வீட்டுக்காரரை சந்தேகப்பட இதுல ஒண்ணுமே இல்ல, அவரும் உங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல.

இப்ப மூளை விஷயத்துக்கு வர்றேன். உங்க பயத்துக்கு ஒரு காரணம் இருக்கு, அதை இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். இந்த வைரஸ் முதல்ல உடம்புக்குள்ள வந்ததும் நரம்பு வழியா ஏறிப் போய் காதுக்கு முன்னாடி, மண்டை ஓட்டோட அடித்தளத்துல இருக்கிற ஒரு நரம்பு முடிச்சுல போய் படுத்துக்கும், ட்ரைஜெமினல் கேங்க்லியான்னு பேரு. அந்த முடிச்சுல இருந்து மூணு கிளை கிளம்பும், ஒண்ணு கண்ணுக்கும் நெத்திக்கும், ஒண்ணு கன்னத்துக்கும் மேல் உதட்டுக்கும், ஒண்ணு தாடைக்கு. பின்பக்கம் அதே முடிச்சு மூளைத்தண்டோட சேர்ந்திருக்கு. அதாவது வைரஸ் படுத்திருக்கிற இடத்துல இருந்து ரெண்டு பக்கமும் ரோடு இருக்கு. ஆனா முழிச்சுக்கும்போது அது வழக்கமா முன்பக்கமாத்தான் வரும், உதட்டுக்கு, இல்லன்னா கண்ணுக்கு.

பின்பக்கம் போறது எவ்வளவு அபூர்வம்னா, ஹெர்ப்பிஸ் மூளைக்காய்ச்சல் வருஷத்துக்கு 10 லட்சம் பேர்ல 2ல இருந்து 4 பேருக்குத்தான் வருது. அந்த 10 லட்சத்துல இந்த வைரஸை சுமக்கிறவங்க மட்டும் பல லட்சம் பேர் இருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. அதோட அப்படி மூளைக்காய்ச்சல் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கண்ணுல அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இருந்ததில்ல. நான் இத்தனை வருஷமா பார்த்த ஹெர்ப்பிஸ் கண் நோயாளிங்க நூத்துக்கணக்குல இருப்பாங்க, திரும்பத் திரும்ப கண்ணுக்கு வந்து கருவிழில தழும்பு விழுந்தவங்க நிறைய பேர், கண்ணுல ஆரம்பிச்சு மூளைக்குப் போச்சுன்னு ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்ல.

அப்ப ஏன் சிலருக்கு மட்டும் மூளைக்குப் போகுதுங்கறதுக்கு கொஞ்சம் பதில் கிடைச்சிருக்கு. 2007ல ஜான் லோரான் கசனோவாங்கிற பிரெஞ்சு டாக்டரோட குழு, ஹெர்ப்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்த சில குழந்தைங்ககிட்ட டிஎல்ஆர்3ங்கிற ஒரே ஒரு ஜீன்ல குறை இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. அந்தக் குழந்தைங்க மத்த வைரஸையெல்லாம் நல்லாவே சமாளிக்குது, மூளைக்குள்ள இந்த ஒரு வைரஸைத் தடுக்கிற காவல் மட்டும் அதுங்களுக்கு இல்ல. அப்புறம் 2021ல சிகாகோல இருக்கிற இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல எலிங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி, ஆப்டிநியூரின்னு ஒரு புரதம், நரம்புக்குள்ள வர்ற வைரஸோட பாகங்களைப் பிடிச்சு அழிக்க உதவுதாம், அது இல்லாத எலிக்கு இந்த வைரஸ் வந்தா மூளைல பாதிப்பு ரொம்ப அதிகம். கண் டாக்டர்களுக்கு இந்தப் பேரு புதுசில்ல, சில குடும்பங்கள்ல வர்ற கிளாக்கோமாவோட, அதாவது பார்வை நரம்பு கெட்டுப் போற நோயோட சேர்த்து நாங்க படிச்ச பேருதான், அதனால அந்தச் செய்தியைப் படிச்சப்ப நான் ரெண்டு தடவ திரும்பப் படிச்சேன். இதெல்லாம் சொல்றது எதுக்குன்னா, மூளைக்குப் போறதும் போகாததும் அந்தந்த உடம்போட காவலையும் பொறுத்து நடக்குது. உங்க அண்ணனுக்கு வந்ததால வீட்டுக்காரருக்கும் வரும்னு கணக்குப் போட வழியே இல்ல.

வீட்டுக்காரர் கண்ணுக்கு உண்மையான ஆபத்து வேற இடத்துல இருக்கு, அந்த மெடிக்கல் சொட்டு மருந்துல. அதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும்.

ஹெர்ப்பிஸ் புண்ணை நாங்க எப்படி கண்டுபிடிக்கிறோம்னா, ஃப்ளோரசீன்னு ஆரஞ்சு சாயம் தடவின ஒரு காகிதத் துண்டு, தீக்குச்சி அகலம்தான் இருக்கும், அதை கீழ் இமைக்கு உள்ள தொட்டு எடுத்துட்டு நீல வெளிச்சத்துல பார்ப்போம். கருவிழி மேல தோல் உரிஞ்ச இடம் மட்டும் பச்சையா ஒளிரும். இந்த வைரஸ்னா அங்க ஒரு சின்ன மரக்கிளை தெரியும், நெஜமாவே கிளைதான், ஒண்ணு ரெண்டா பிரிஞ்சு, ஒவ்வொரு நுனியிலயும் மொட்டு மாதிரி ஒரு குமிழ். ஒரு தடவ பார்த்துட்டா மறக்காது. சாயம் போடறதுக்கும் மரத்துப் போற சொட்டு விடறதுக்கும் முன்னாடி இன்னொண்ணு பண்ணுவேன், பஞ்சை நூல் மாதிரி திரிச்சு அதோட நுனியால கருவிழியைத் தொடுவேன். நல்ல கண்ணுன்னா தொட்ட நொடியே இமை படக்குனு மூடிக்கும். ஹெர்ப்பிஸ் வந்து வந்து போன கண்ணு பேசாம பார்த்துக்கிட்டே இருக்கும், உணர்ச்சி அவ்வளவு மங்கிப் போயிருக்கும். அதனாலதான் மூணாவது நாலாவது தடவ வரும்போது வலி பெருசா தெரியாம, நோயாளியும் லேட்டா வர்றாங்க.

இந்த மரக்கிளைப் புண் இருக்கும்போது வைரஸ் மருந்து இல்லாம ஸ்டீராய்டு சொட்டு விட்டா என்ன ஆகும்னா, முதல் ரெண்டு நாள் சிவப்பு குறைஞ்சு சூப்பரா இருக்கும், ஏன்னா உடம்போட எதிர்ப்பை அது அமுக்கிருது, ஆனா அந்தப் பக்கம் வைரஸ் இஷ்டத்துக்கு வளர்ந்து கிளை கிளையா இருந்தது ஒண்ணு சேர்ந்து மேப் மாதிரி பெரிய புண்ணாயிரும். மெடிக்கல்ல "கண்ணு செவந்திருக்கு"ன்னு சொன்னதும் எடுத்துக் கொடுக்கிற பாட்டில்கள்ல நிறைய டெக்ஸாமெத்தசோன் கலந்தது, அதுதான் ஸ்டீராய்டு. சில வருஷம் முன்னாடி ஒரு டிரைவர் வந்தாரு, ஒரு கடைல சொன்னாங்கன்னு ஒன்றரை மாசம் அதே பாட்டிலை மாத்தி மாத்தி வாங்கி விட்டிருக்காரு, செவப்பு வந்தா விடுறது, போனா நிறுத்துறது. வரும்போது கருவிழி நடுவுல வெள்ளையா தழும்பு விழுந்திருந்துச்சு, லாரி ஓட்டுற லைசென்ஸை புதுப்பிக்க முடியல அவரால. அவரை நினைச்சா இன்னைக்கும் எனக்கு மனசு கனக்குது. அதே சமயம் இதையும் கேட்டுக்குங்க, வைரஸ் கருவிழியோட உள் அடுக்குல வீக்கத்தை உண்டாக்கியிருந்தா கண் டாக்டரே வைரஸ் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து ஸ்டீராய்டு சொட்டும் எழுதுவாங்க, அது சரியான வைத்தியம். இதைப் படிச்சுட்டு டாக்டர் கொடுத்ததை நீங்களா நிறுத்திடாதீங்க, பிளீஸ்.

வெல்டிங் அடிச்ச கண்ணுக்கும் இதுக்கும் வித்தியாசம் வீட்டுலயே ஓரளவு தெரியும். வெல்டிங் அடிச்சா பெரும்பாலும் ரெண்டு கண்ணும் சேர்ந்து, வேலை முடிஞ்சு சில மணி நேரம் கழிச்சு ராத்திரில மண்ணள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், ஒண்ணு ரெண்டு நாள்ல அடங்கிரும். ஒரே கண்ணு, அதுவும் எப்பவும் அதே கண்ணுன்னா ஹெர்ப்பிஸை நினைக்கணும். ஆனா வெல்டிங் வெளிச்சத்துல வர்ற அல்ட்ரா வயலட் கதிர் தூங்குற வைரஸை எழுப்பிவிடும்னு சோதனைக்கூடத்துல காட்டியிருக்காங்க, அதனால கண்ணாடி போடாம "ஒரே ஒரு டேக்குதானே"ன்னு அடிக்கிற பழக்கம் இருந்தா அவர் அதை விடணும்.

மூணு தடவ வந்தாச்சு இல்லையா, உங்க கண் டாக்டர்கிட்ட ஒரு விஷயம் கேளுங்க. அமெரிக்கால 1998ல 703 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு வெளிவந்துச்சு, அசைக்ளோவிர்ங்கிற வைரஸ் மருந்து 400 மில்லிகிராம் மாத்திரை தினம் ரெண்டு வேளை ஒரு வருஷம் சாப்பிட்டவங்கள்ல 100க்கு 19 பேருக்கு கண்ணுல திரும்ப வந்துச்சு, சாப்பிடாதவங்கள்ல 100க்கு 32 பேருக்கு. அவருக்கு அது தேவையான்னு கிட்னி டெஸ்ட் பார்த்துட்டு அவங்க முடிவு பண்ணுவாங்க.

பையனோட மெட்ராஸ் ஐ அப்பாகிட்ட இருந்து வந்திருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. அது பெரும்பாலும் அடினோவைரஸ், பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்கு வந்தா கிளாஸ் முழுக்க வரும், ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா போயிரும். சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரில 1918ல விவரிச்சதால அந்தப் பேரு வந்துச்சுன்னு சொல்லுவாங்க. ஆனா கண்ணு செவக்கிற வைரஸ் ஒண்ணு நரம்பைத் தொட்ட கதை நம்ம நாட்டுலயே இருக்கு. 1969ல ஆப்பிரிக்காவுல கானா நாட்டுல ஒரு புது கண் நோய் கிளம்புச்சு, கண்ணு வெள்ளைல ரத்தம் கட்டி பயங்கரமா செவக்கும், மனுஷன் நிலாவுல இறங்கின சமயம்ங்கறதால அப்போலோ நோய்னே பேரு வச்சாங்க. எண்டரோவைரஸ் 70ங்கிறது அது. 1971ல பம்பாய்ல அந்த அலை அடிச்சு ஓஞ்சப்ப, கண்ணு நல்லாகி சில நாள்ல இருந்து சில வாரத்துக்குள்ள சிலருக்கு காலு விழுந்துச்சு, போலியோ மாதிரி. பம்பாய் நரம்பு டாக்டர்கள்தான் அதையும் கண்ணையும் சேர்த்துப் பார்த்து எழுதினாங்க. தண்டுவடத்து நரம்பைப் பிடிக்கிற வைரஸ் அது. உங்க பையனுக்கு வந்து போன மாசமே சரியாயிட்டதால அவனைப் பத்தி கவலைப்பட வேண்டாம்.

மாமியார் சொல்ற அக்கியும் ஹெர்ப்பிஸ் குடும்பம்தான், ஆனா அது சின்னம்மை வைரஸ், வேற ஆளு. நெத்தில ஒரு பக்கமா எரிச்சலோட கொப்புளம் வந்து மூக்கு நுனி வரைக்கும் இறங்குச்சுன்னா கண்ணுக்கும் ஆபத்து இருக்குன்னு அர்த்தம், மூளைக்குப் போற ரத்தக்குழாயையும் அது பாதிக்கும், அதுக்கப்புறம் பக்கவாதம் வர்ற வாய்ப்பு கூடுது. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும். காவி குழைச்சு சிங்கம் வரைஞ்சு அக்கி எழுதுறதை எங்க பாட்டியும் நம்பினாங்க, அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா முகத்துல அக்கின்னா அந்த மூணு நாளை வேற எதுக்கும் செலவழிக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரருக்கு வந்தது அக்கி இல்லன்னு மாமியார்கிட்ட பொறுமையா சொல்லுங்க.

குழந்தை விஷயத்துலதான் நான் கொஞ்சம் கண்டிப்பா பேசுவேன். பொறந்து முதல் 6 வாரத்துல இந்த வைரஸ் பச்சைக் குழந்தைக்கு வந்தா பெரியவங்க மாதிரி ஒரு இடத்துல நிக்காது. தோல்ல, கண்ணுல, வாயில ஆரம்பிச்சதுகூட வைத்தியம் பண்ணாம விட்டா பல சமயம் மூளைக்குப் போயிரும். கண்ணுல இருந்து மூளைக்குன்னு நீங்க பயந்தது நெஜமா நடக்கிறது இந்த வயசுலதான். அதனால அவர் கண்ணு செவந்திருக்கும்போதோ உதட்டுல கொப்புளம் இருக்கும்போதோ குழந்தைக்கு முத்தம் கிடையாது, அவர் டவல் தலகாணி தனி, மருந்து விட்டுட்டு சோப்பு போட்டு கை கழுவாம குழந்தையைத் தூக்கக் கூடாது. கண்ணு நல்லா இருக்கும்போது தாராளமா தூக்கட்டும், கொஞ்சட்டும். பார்க்க வர்ற சொந்தக்காரங்க யார் உதட்டுல கொப்புளம் இருந்தாலும் இதே ரூல்தான், கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும், நான் சொன்னேன்னு சொல்லுங்க. உங்களுக்கும் இது 8ம் மாசம், கடைசி மூணு மாசத்துல அம்மாவுக்கு முதல் முறையா இந்த வைரஸ் வர்றது நல்லதில்ல, அதனால அவருக்கு கொப்புளம் இருக்கிற நாள்ல முத்தம், வாய்வழி உறவு ரெண்டும் வேண்டாம். பிரசவ டாக்டர்கிட்ட வீட்டுக்காரருக்கு ஹெர்ப்பிஸ் கண் நோய் இருக்குன்னு சொல்லி வச்சிருங்க, உங்களுக்கே கீழ எப்பவாச்சும் புண் வந்திருந்தா அதை மறைக்காம சொல்லுங்க, குழந்தைக்கு வர்றதுல பெரும்பங்கு பிரசவ வழியிலதான்.

பொறந்த பிறகு குழந்தை பால் குடிக்காம துவண்டு கிடந்தா, உடம்பு சுட்டாலோ சில்லுன்னு போனாலோ, தோல்ல நீர்க்கொப்புளம் தெரிஞ்சா, ஒரு கண்ணு செவந்து தண்ணி வந்தா, வெட்டு (வலிப்பு) வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. கண்ணுல பூளை வருதுன்னு தாய்ப்பாலைப் பீச்சி விட்டுட்டு நாளைக்குப் பார்க்கலாம்னு வீட்டுல சொன்னா கேக்காதீங்க.

பெரியவங்களுக்கு மூளைக்காய்ச்சல் எப்படி தெரியும்னு உங்க அண்ணன் வீட்டுல ஏற்கனவே பார்த்திருப்பீங்க. காய்ச்சல் தலைவலியோட ஆளு ஒரு மாதிரி பேசறது, தெரிஞ்சவங்களை தெரியலங்கறது, இல்லாத வாசனை அடிக்குதுங்கறது, வெட்டு. இந்த வைரஸ் மூளைல காதுக்கு உள்பக்கமா இருக்கிற டெம்போரல் பகுதியைத்தான் பிடிக்கும், ஞாபகமும் குணமும் பேச்சும் குடியிருக்கிற இடம் அது, அதனாலதான் நிறைய வீட்டுல காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போய் ரெண்டு நாளைத் தொலைச்சிடறாங்க. மருந்து இல்லாத காலத்துல 100க்கு 70 பேர் இறந்துட்டாங்க. 1984ல ஸ்வீடன்லயும் 1986ல அமெரிக்காலயும் வந்த ஆய்வுகள்தான் அசைக்ளோவிர் ஊசியை முன்னால கொண்டு வந்துச்சு, இறப்பு 20, 30ன்னு இறங்குச்சு. அந்த மருந்துக்குப் பின்னால இருந்த கெர்ட்ரூட் எலியன் அம்மாவுக்கு 1988ல நோபல் பரிசு கொடுத்தாங்க. ஸ்கேன், முதுகுல நீர் எடுக்கிற டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே ஊசியை ஆரம்பிச்சிருவாங்க, ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. முதுகுல ஊசி போட்டா நடக்க முடியாதுன்னு ஊர்ல சொல்றது தப்பு, சம்மதம் கேட்டா தயங்காம கொடுக்கணும்.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு. கடுதாசியைப் படிச்சதுல இருந்து எனக்கு உங்க வீட்டுக்காரரை விட அந்த அண்ணனோட கண்ணு மேலதான் கவலை. கண்ணுல இருந்து மூளைக்குப் போறது அபூர்வம்னு சொன்னேன் இல்ல, மூளைக்காய்ச்சல் வந்தவங்களுக்கு அங்க இருந்து கண்ணுக்கு வர்றதும் எல்லாருக்கும் நடக்கிறது கிடையாது, ஆனா அது வர்றப்ப மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல கழிச்சு வரும், யாரும் ரெண்டையும் சேர்த்துப் பார்க்க மாட்டாங்க. அக்யூட் ரெட்டினல் நெக்ரோசிஸ்னு பேரு, வைரஸ் விழித்திரையையே அரிச்சிரும், ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வேகமா வரும், விழித்திரை பிய்ஞ்சுகூட போயிரும், ஒரு கண்ணுல வந்தா அடுத்த கண்ணுக்கும் போகப் பார்க்கும். ஆரம்பம் என்னமோ சாதாரணமா இருக்கும், லேசா சிவப்பு, கண்ணுக்குள்ள வலி, கொசு பறக்கிற மாதிரி கருப்புப் புள்ளி, பார்வை மங்கல். மெட்ராஸ் ஐன்னு நினைச்சு சொட்டு மருந்து விட்டா பார்வை போயிரும். உடனே வந்தா அதே அசைக்ளோவிரை நரம்புல ஏத்தி, இல்லன்னா வாலசைக்ளோவிர் மாத்திரை கொடுத்து, தேவைப்பட்டா கண்ணுக்குள்ளயே ஊசி போட்டு நிறைய காப்பாத்தலாம்.

அவருக்கு ஞாபக மறதி இருக்கிறதால கண்ணு மங்குதுன்னு அவரா சொல்லுவாருன்னு நம்பி இருக்க முடியாது. அதனால அண்ணிக்கு போன் போட்டு சொல்லுங்க, தினம் காலைல சுவத்துல இருக்கிற காலண்டர்ல தேதி கிழிக்கிறப்ப அவரை ஒரே தூரத்துல நிறுத்தி, ஒரு கண்ணைக் கையால மூடிக்கிட்டு தேதிக்குக் கீழ இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லட்டும், அப்புறம் அடுத்த கண்ணு. நேத்து படிச்ச வரியை இன்னைக்கு படிக்க முடியலன்னாலோ ஒரு கண்ணு செவந்திருந்தாலோ, அந்த மூளைக்காய்ச்சல் டிஸ்சார்ஜ் சீட்டையும் கைல எடுத்துக்கிட்டு அன்னைக்கே விழித்திரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டும், உள்ள நுழைஞ்சதும் முதல்ல அந்த சீட்டைக் காட்டட்டும்.